நாற்பத்திரண்டாவது வீடு

என் கண்ணான குட்டிம்மாவுக்கு, அப்பா ஆசையோடு எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். வழக்கமாக இதோடு நிறுத்தாமல், இங்கே எல்லாமே நல்லபடியாகப் போகிறது என்று ஒரு வரி சேர்த்து எழுதுவேன். இந்தத் தடவை அதைக் காணோமே என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து நான் எழுதுகிற ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதனால்தான் அந்த வரியை எழுத முடியவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியில் அழ ஆரம்பிப்பாய், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், நானும் சந்தடி சாக்கில் அங்கே மழையா வெயிலா என்று பேச்சை மாற்றிவிடுவேன். காகிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, எனக்கும் தப்பி ஓட வழி கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். அட்டைப்பெட்டிக் கம்பெனி மூடி ஏழு மாதம் ஆகிறது. இரு, கடிதத்தைக் கீழே வைக்காமல் முழுவதும் படி. இந்த ஏழு மாதமும் நான் உனக்கு எழுதிய ஷிப்ட் கதை, புது மெஷின் கதை, முதலாளி என்னைக் கூப்பிட்டுத் தோளில் தட்டிக்கொடுத்த கதை எல்லாமே இந்தச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து நானே கட்டிவிட்டது. இவ்வளவு கற்பனை எனக்குள் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் முப்பது வருஷம் பெட்டி மடித்துக்கொண்டு இருந்திருக்க மாட்டேன். பதவி உயர்வு கொடுத்து, சக்கரம் வைத்த சுழல் நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்று போன மாதம் பீற்றிக்கொண்டேனே, அதில் நாற்காலி மட்டும் நிஜம். கம்பெனி மூடிய அன்றைக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதிக்குப் பதிலாக உள்ளே இருக்கிற சாமானில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். புத்தியுள்ளவர்கள் மின்விசிறி எடுத்தார்கள், தராசு எடுத்தார்கள், ஒருவன் நிதானமாகத் திருப்புளி கொண்டுவந்து கதவையே கழற்றிக்கொண்டு போனான். உன் அப்பா எதை எடுத்தார் என்று நினைக்கிறாய்? மேனேஜர் அறையில் இருந்த சுழல் நாற்காலியை. எத்தனை வருஷம் அதற்கு முன்னால் கைகட்டி நின்றிருக்கிறேன், அந்த ஆசை. தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தெரு முழுக்க ஊர்வலம் மாதிரி வந்தேன். வீட்டில் இறக்கிவைத்த பிறகுதான் ஐந்து சக்கரத்தில் ஒன்று இல்லை என்று தெரிந்தது. உட்கார்ந்தால் இடது பக்கம் சாயும். அம்மா அதன் முதுகில் ஈரத்துணியைக் காயப்போட்டாள்.

பதவி உயர்வுப் பொய்யை ஏன் சொன்னேன் என்று கேட்பாய். அதற்கு நீதான் காரணம் என்று எழுதப் பார்த்தேன், அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டாள். சரி, காரணம் நான்தான். கடையில் பில் போடுகிற வேலையை விட்டுவிட்டு ஆய்வகப் படிப்பில் சேர இடம் கிடைத்திருக்கிறது, இரண்டு வருஷம், மாலையில் ஏதாவது வேலை பார்த்து என் செலவை நானே பார்த்துக்கொள்வேன், ஆனால் வீட்டுக்கு அனுப்ப முடியாது, நீங்கள் சமாளிப்பீர்களா அப்பா என்று எழுதியிருந்தாய். அந்தச் சமாளிப்பீர்களா என்கிற வார்த்தையைப் படித்ததும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி என்று அப்போதே பேனாவை எடுத்து எனக்கு நானே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டேன். ஒரு காசு அனுப்பாதே, இதுவரை அனுப்பியதையும் பேங்கில் பத்திரமாகப் போட்டு வைத்திருக்கிறேன் என்று வேறு எழுதினேன். அது பேங்கில் இல்லையம்மா. சாப்பிட்டாகிவிட்டது.

இப்போது வேலைக் கதைக்கு வருகிறேன், இது நிஜக் கதை. நாலு வாரத்துக்கு முன்னால் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆள் எடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் யாருக்கு வேலை இருக்கிறது, என்ன வருமானம், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். வேலை இல்லாதவர்களைக் கணக்கெடுக்க வேலை இல்லாதவர்களையே எடுத்தார்கள், அந்த மட்டும் புத்திசாலித்தனம். என் எழுத்து அழகாக இருக்கிறது என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கழுத்தில் ஓர் அடையாள அட்டை, கையில் கிளிப் வைத்த பலகை, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். யார் என்ன சொன்னாலும் ஆச்சரியப்படக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது, சொன்னதை அப்படியே எழுத வேண்டும் என்றார்கள். முதல் இரண்டும் எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். இன்னொன்றும் அழுத்திச் சொன்னார்கள். யாராவது நான் சும்மாதான் இருக்கிறேன் என்று சொன்னால் உடனே எழுதிவிடாதீர்கள், இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள், போன வாரத்தில் ஒரு மணி நேரம் காசுக்காக வேலை செய்திருந்தாலும் அது வேலைதான் என்றார்கள். எங்கள் தெரு நாற்பத்திரண்டு வீட்டில் நாற்பத்தொன்று எனக்கு. நம் வீட்டை மட்டும் நானே எழுதக்கூடாது என்று விதி, அதைப் பக்கத்துத் தெருக்காரர் வந்து எழுதுவார். பக்கத்துத் தெருக்காரர் யார் தெரியுமா? அரைமணி.

அரைமணியைப் பற்றி நான் முன்பு எழுதியிருக்கிறேன். கம்பெனியில் பசை மெஷினில் இருந்தவன், தினமும் அரை மணி தாமதமாக வருவான், அந்தப் பெயரை வைத்ததே நான்தான். எத்தனை நாள் அவனை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து நேரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறேன். அவன் வீட்டுக்குப் போய் எழுதிய வேறு தெருக்காரி ஒருத்தி பிறகு சொல்லித்தான் தெரிந்தது, நடக்க முடியாத அம்மாவைக் குளிப்பாட்டி உட்காரவைத்துவிட்டு ஓடி வருவானாம். முப்பது வருஷத்தில் நான் ஒரு தடவை ஏன்டா என்று கேட்டதில்லை. பலகையும் பேனாவும் இல்லாமல் கேட்க எனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

தெருவில் போய்க் கேட்டேன் பார், அம்மாடி. இத்தனை வருஷம் குடியிருந்தும் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. முடிதிருத்துகிறவர் வருமானம் ஒன்றுமே இல்லை என்றார், பின்னால் பெண் கேட்க வந்தவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் குரலை உயர்த்தி வேறொரு கணக்குச் சொன்னார், எதை எழுதட்டும் என்று கேட்டால் கண்ணைக் காட்டுகிறார். மூலை வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் வேலை பார்க்கிறார்கள், அண்ணனுக்குக் காவல் வேலை, தம்பிக்குக் கடையில், ஆனால் நல்ல செருப்பு ஒன்றுதான், இவன் வந்து கழற்றினால்தான் அவன் போட்டுக்கொண்டு போக முடியும். படிவத்தில் செருப்புக்குக் கட்டம் இல்லை. பெண்களைக் கேட்டால் எல்லாரும் ஒரே பதில், நான் சும்மாதான் இருக்கேன் சார். சொல்லும்போதே ஒருத்தி கவர் ஒட்டுகிறாள், ஒருத்தி சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள், இன்னொருத்தி மூன்று வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு அப்போதுதான் வந்து நிற்கிறாள். சரி, கையில என்னம்மா என்று கேட்டு ஒவ்வொருத்தியையும் கையும் களவுமாகப் பிடித்தேன். பெரிய துப்பறிகிறவன் மாதிரி எனக்கு ஒரே பெருமை. சாப்பாட்டுக் கேள்விதான் கஷ்டம். போன மாதம் வீட்டில் யாராவது காசில்லாமல் சாப்பாட்டைக் குறைத்தீர்களா என்று கேட்க வேண்டும். யாரும் ஆமாம் என்று சொல்வதில்லை. இப்பல்லாம் பசி கம்மி சார் என்கிறார்கள். ஒரு தெரு முழுக்க ஒரே சமயத்தில் பசி குறைந்துபோகிற வியாதியை நான் இப்போதுதான் பார்க்கிறேன். இதெல்லாம் எழுதினா ஏதாவது வருமா சார் என்று கவர் ஒட்டுகிறவள் கேட்டாள். தெரியாது என்றுதான் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். வரும் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டைத் தாண்டும்போது எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.

அப்புறம் நம் வீட்டு முறை வந்தது. பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்த அரைமணி பத்தடிக்கும்போது வாசலில் நின்றான், என்னைக் குத்திக்காட்டவே நேரத்துக்கு வந்த மாதிரி. அம்மா வீட்டில் இல்லை. நான் சாய்கிற நாற்காலியில் கால் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேஜையில் உன் கடிதம், டீ டம்ளருக்குக் கீழே. முந்தின நாள்தான் வந்தது, அப்பா உங்க புது நாற்காலியில உக்காந்து ஒரு போட்டோ அனுப்புங்க என்று எழுதியிருந்தாயே, அது. அரைமணி என்ன வேலை சார் என்று கேட்டான். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று என் வாய் சொல்லிவிட்டது. ஒரு பொய்யை ஏழு மாதம் சொன்னால் வாய்க்கு அதுதான் பழக்கம் ஆகிவிடுகிறது, நம்மைக் கேட்பதே இல்லை. கடைசி நாள் சம்பள வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன் அவன். மின்விசிறி எடுத்தவனும் அவன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தான், தலையைக் குனிந்து அப்படியே எழுதினான். போன வாரம் எத்தனை மணி நேரம் சார் என்றான். நாற்பத்தெட்டு என்றேன். எழுதினான். அம்மா என்ன பண்றாங்க என்றான். சும்மாதான், வீட்டோட இருக்கா என்றேன். எழுதினான். சாப்பாட்டைக் கேட்டான். எங்களுக்கெல்லாம் பசி கம்மிப்பா என்றேன். அதையும் எழுதிவிட்டு, சார் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். அவன் சிரித்திருந்தால் எவ்வளவோ தேவலை.

மூன்று நாள் கழித்து அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். படிவங்களைச் சரிபார்க்கிற மேடம் ஒருவர் இருக்கிறார், உன்னைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பார்த்தாரானால் எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும். நான் எழுதியதையெல்லாம் மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார், பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டு போனேன். அவர் சொன்னது இதுதான். "சார், உங்க தெருவுல இருபத்தாறு வீட்டுல, வேலை போன காரணம்னு கேட்ட இடத்துல, கம்பெனி மூடியாச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. உங்க வீட்டுக்கு மட்டும் அந்தக் கம்பெனி எப்படி சார் ஓடுது?" எனக்கு முழி பிதுங்கிவிட்டது. ஒரு பொய்யை மறைக்க நான் என்னவெல்லாம் செய்திருக்கிறேன், அதைக் காட்டிக்கொடுக்க இருபத்தாறு சாட்சியை நானே அழகான எழுத்தில் தயார் செய்து கொடுத்திருக்கிறேன் பார். அசடு வழிந்துகொண்டு நின்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த ஃபாரம் திரும்பப் போகும், இந்தத் தடவை வீட்டில் வேறொருத்தர் பதில் சொல்லட்டும், நீங்க பக்கத்துல இருக்கலாம், பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்துக்கொண்டார்.

மறுபடி அரைமணி வந்தான். அம்மாவை அந்த நாற்காலியில் உட்காரவைத்தேன், நான் கட்டில் ஓரத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அவளைப் பற்றி உனக்கு நான் எழுதாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். கம்பெனி மூடிய அடுத்த வாரமே விடுதிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற லாண்டரியில் அவள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். படுக்கை விரிப்பை மடித்து இஸ்திரி போட்டு அடுக்க வேண்டும். யாராவது கேட்டால் பொழுது போகவில்லை என்று போகிறாள் என்பேன். ஏழு மாதமாகப் பொழுது போகாமல்தான் அவள் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறாள். அரைமணி கேட்கக் கேட்க அவள் பட்டென்று பதில் சொன்னாள், ஆறு நாள், நாளுக்கு ஏழு மணி நேரம், நின்றுகொண்டேதான் என்றாள். சாப்பாட்டுக் கேள்விக்கு என்ன சொன்னாள் தெரியுமா? குறைக்கல தம்பி, ஆனா ரொட்டியில பாதியை எனக்குன்னு வச்சிட்டு இவரு பசியில்லன்னு எழுந்திரிப்பாரு, என் பாதியை இவருக்குன்னு வச்சிட்டு நான் எழுந்திரிப்பேன், பக்கத்து வீட்டுப் பூனை குண்டாயிடுச்சு, இதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க என்றாள். அரைமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. நான் தியாகம் செய்துகொண்டிருக்கிறேன் என்று மனதுக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் பூனைக்குச் சோறு போட்டிருக்கிறேன். இந்தக் குடும்பத்துக்கு முக்கியமான சம்பாத்தியம் யாருடையது என்று அடுத்த கேள்வி. அதுவரை கடகடவென்று சொன்னவள் நிறுத்திவிட்டாள். மேஜை விரிப்பின் ஓரத்தை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். அந்த ஒரு பதிலை அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குப் புரிந்தது. எத்தனை மாதம் அவள் அதைச் சொல்லாமல் காப்பாற்றியிருக்கிறாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. பேசக்கூடாது என்கிற விதியை மீறி, "அவதாம்ப்பா, எழுது" என்றேன். அரைமணி தலை நிமிராமல் எழுதினான். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, ஆனால் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள், படிவம் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.

இனி உன் விஷயம். நீ இதைப் படித்ததும் என்ன செய்வாய் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். படிப்புக்கென்று சேர்த்து வைத்திருக்கிற பணத்தை அப்படியே இங்கே அனுப்பிவிட்டு, பில் போடுகிற வேலையிலேயே இருந்துவிடுகிறேன் அப்பா என்று இரண்டு வரி எழுதுவாய். அந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் பொய் சொன்னேன், அந்தப் பயம் இப்போதும் போகவில்லை, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தத் தடவை நான் சமாளிப்பேன் என்று சொல்வது பதவி உயர்வு மாதிரி இல்லை. கணக்கெடுப்பு இந்த வாரத்தோடு முடிகிறது. திங்கட்கிழமையிலிருந்து எனக்கும் லாண்டரியில் வேலை, வண்டியில் மூட்டை ஏற்றி விடுதி விடுதியாக இறக்க வேண்டும். பேசி வாங்கிக் கொடுத்தது அம்மா. மடிக்கிற பகுதிக்கு அவள்தான் மேற்பார்வை, எந்த மூட்டை எங்கே போக வேண்டும் என்று அவள் சொல்வாள், நான் தூக்குவேன். வீட்டில் இத்தனை வருஷமாக நடப்பதுதான், இனிமேல் சம்பளம் கிடைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நேரத்துக்கு வரணும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள், அரைமணியிடம் நான் சொன்ன அதே குரலில். நீ அனுப்பியது மளிகைக்குச் சரியாக இருந்தது, என் மூட்டைக்கூலியும் மளிகைக்குச் சரியாக இருக்கும். மிச்சம் பிடிக்க முடியாது, ஆனால் பசியில்லை என்று யாரும் எழுந்திருக்கவும் வேண்டியதில்லை. ரொட்டியை இப்போது கத்தி வைத்து நடுவில் வெட்டிவிடுகிறோம், பூனை இளைத்துக்கொண்டிருக்கிறது.

நீ எதற்கும் கலங்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இரு. அங்கே யாராவது உன்னை என்ன செய்கிறாய் என்று கேட்டால் சும்மாதான் என்று மட்டும் சொல்லாதே, நம் வீட்டில் அந்த வார்த்தைக்கு இனி இடமில்லை. போட்டோ கேட்டாயே, உள்ளே வைத்திருக்கிறேன், அரைமணி எடுத்தது. நாற்காலியில் இருப்பது அம்மா, பின்னால் சாயாமல் பிடித்துக்கொண்டு நிற்பது நான். எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. கடைசியாக ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன், இதுதான் முக்கியம். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் என்று ஒரு கட்டம், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருந்தது. அரைமணி கடையில் வேலை என்று எழுதப்போனான். அம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்தி, "மாணவின்னு எழுதுங்க தம்பி" என்றாள். இன்னும் சேரலையே அம்மா என்றான், சேர்ந்துடுவா, எழுதுங்க என்று சொல்லி எழுதவைத்துக் கீழே தன் பெயரையும் போட்டுக் கொடுத்துவிட்டாள். அந்தப் படிவத்தில் இப்போது எல்லாக் கட்டமும் உண்மை, அந்த ஒன்றைத் தவிர. பணம் கட்டக் கடைசி நாள் இருபதாம் தேதி என்று எழுதியிருந்தாய். அந்த மேடத்திடம் இன்னொரு தடவை போய் நிற்க என்னால் முடியாது, போய்ச் சேர்ந்துவிடம்மா.

இப்படிக்கு,
இந்தக் குடும்பத்தின் இரண்டாவது சம்பாத்தியக்காரன்,
உன் அப்பா